நுண்குழல் குலைந்தால் இரத்தக்குழாய்ச் செல் என்ன செய்கிறது?

கோல்ச்சிசின், வின்பிளாஸ்டின், நோகோடசோல், காம்பிரெட்டாஸ்டாட்டின் ஆகிய நான்கையும் மருந்தியல் நூல்களில் தேடினால் ஏறக்குறைய ஒரே விளக்கம்தான் கிடைக்கும்: செல்லுக்குள் இருக்கும் நுண்குழல்களைக் குலைத்து, செல் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும் பொருட்கள். விளக்கத்தில் பிழை இல்லை. ஆனால் இரத்தக்குழாயின் உட்சுவரை மூடியிருக்கும் செல்களை வளர்ப்புத் தட்டில் பரப்பி, அவற்றின்மேல் காம்பிரெட்டாஸ்டாட்டினை விட்டவர்கள் கண்டது வேறு. சில நிமிடங்களிலேயே செல்கள் இறுகின. ஒன்றோடொன்று ஒட்டியிருந்த விளிம்புகள் விலகின. விலகிய இடைவெளி வழியே, அதுவரை கடக்க முடியாமல் நின்ற பெரிய மூலக்கூறுகள் மறுபுறம் கசிந்தன. இந்தச் செல்கள் ஒரு முறை பிரிய ஒரு நாளோ அதற்கு மேலோ பிடிக்கும். நிமிடங்களில் நடந்து முடிவதைச் செல்பிரிவைக் கொண்டு விளக்க முடியாது.

இந்த மருந்துகள் இரத்தக்குழாய்ச் செல்லில் செய்யும் முதன்மையான வேலை பிரிவைத் தடுப்பது அன்று, செல்லின் இழுவிசையை அவிழ்த்துவிடுவது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்த வேலையும் மருந்தின் அளவைப் பொறுத்து ஆளே மாறிவிடுகிறது. ஒரே செல், ஒரே புரதம், ஒரே மருந்து. ஆனால் அளவு நூறு மடங்கு கூடினால் விளைவு கூடுவதோடு நிற்பதில்லை, விளைவின் தன்மையே மாறுகிறது. இதைச் சரியாகப் படிக்காததால் மருத்துவம் சில இடங்களில் இடறியிருக்கிறது, படித்த இடங்களில் பலன் கண்டிருக்கிறது.

இதயத்தின் அறைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத தந்துகிகள் வரை, இரத்தம் தொடும் சுவர் முழுவதும் ஒரே ஒரு செல் தடிமனுள்ள அடுக்கால் மூடப்பட்டிருக்கிறது. எண்டோதீலியம் என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த உள்ளணிதான் எது குழாயைவிட்டு வெளியேறலாம், எந்த வெள்ளணு எங்கே ஒட்டிக்கொள்ளலாம், இரத்தம் எப்போது உறையலாம் என்பதையெல்லாம் தீர்மானிக்கிறது. மனித உள்ளணிச் செல்களை உடலுக்கு வெளியே நம்பகமாக வளர்க்கும் முறை 1973-இல்தான் கைக்கு வந்தது. நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் எரிக் ஜாஃபியும் ரால்ஃப் நாக்மனும் அவர்களுடைய குழுவினரும், பிரசவத்துக்குப் பின் பொதுவாகக் கழித்துவிடப்படும் தொப்புள்கொடியை எடுத்தார்கள். அதன் சிரைக்குள் கொலாஜனேஸ் என்னும் நொதியைச் செலுத்தி, சுவரிலிருந்து கழன்று வந்த செல்களைத் தட்டில் வளர்த்தார்கள். அடுத்த ஆண்டே பாஸ்டனில் மைக்கேல் ஜிம்ப்ரோன், ராம்ஸி காட்ரான், ஜூடா ஃபோக்மன் ஆகியோரும் இதேபோன்ற முறையை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் ஆய்வகங்களில் ‘ஹியூவெக்’ என்று அழைக்கப்படுபவை இந்தத் தொப்புள்கொடிச் செல்கள்தான்.

வளர்ந்து தட்டை நிறைத்ததும் அவை கல் பாவிய தளம்போல, இடைவெளியில்லாமல், பல்கோண வடிவில் படிந்து நிற்கும். பிறகு பிரிவை நிறுத்திக்கொள்ளும். இவை உண்மையிலேயே உள்ளணிச் செல்கள்தானா என்பதை நிறுவ இரண்டு அடையாளங்கள் உதவின. ஒன்று, இரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியை இவை தாமே உருவாக்குவது. மற்றொன்று, அந்தக் காரணி சேமித்து வைக்கப்படும் குச்சி வடிவச் சிறு உறுப்புகள். எவால்ட் வைபலும் ஜார்ஜ் பலாடேயும் 1964-இல் மின்னணு நுண்ணோக்கியில் கண்டு விவரித்த அந்த உறுப்புகளுக்கு வைபல்–பலாடே உடலிகள் என்றே பெயர். குச்சிகளுக்கும் நுண்குழல் மருந்துகளுக்கும் உள்ள தொடர்பைப் பின்னால் பார்ப்போம்.

நுண்குழல் என்பது டியூபுலின் என்னும் புரதத்தால் ஆன உள்ளீடற்ற குழல். குறுக்களவு 25 நானோமீட்டர். ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு டியூபுலின்கள் சேர்ந்த 8 நானோமீட்டர் நீள இணைகள் வரிசையாக அடுக்கப்பட்டு இழையாகின்றன. பொதுவாக 13 இழைகள் பக்கவாட்டில் ஒட்டி ஒரு குழல் ஆகிறது. இது நிலையான கட்டுமானம் அன்று. 1984-இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் காட்டியபடி, ஒவ்வொரு குழலும் மெல்ல வளர்ந்துகொண்டே போய்த் திடீரென்று சரிந்து சுருங்கும், மீண்டும் வளரும். பக்கத்துக் குழல் வளரும்போது இது சரிந்துகொண்டிருக்கலாம். இந்த ஓயாத வளர்ச்சியும் சரிவும்தான் மருந்துகளுக்கு வாசல் திறந்துவிடுகிறது. கோல்ச்சிசின் டியூபுலின் இணையின் நடுவே, ஆல்ஃபாவும் பீட்டாவும் சந்திக்கும் இடத்தில் போய் உட்காருகிறது. இணை வளைந்துவிடுவதால் நேரான இழைக்குள் பொருந்த முடிவதில்லை. காம்பிரெட்டாஸ்டாட்டினும் நோகோடசோலும் இதே இடத்தைப் பிடிப்பவை. வின்பிளாஸ்டின் ஓர் இணைக்கும் அடுத்த இணைக்கும் நடுவே செருகிக்கொள்கிறது. பாக்ளிடாக்செல் மட்டும் எதிர்த்திசை: குழலின் உட்புறச் சுவரில் ஒட்டி, அதைச் சரியவிடாமல் இறுக்கிவைக்கிறது.

டியூபுலின் கண்டுபிடிக்கப்பட்டதே கோல்ச்சிசின் உதவியால்தான். 1967-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கேரி போரிசியும் எட்வின் டெய்லரும் கதிரியக்க ஹைட்ரஜன் சேர்த்த கோல்ச்சிசினைத் தூண்டிலாகப் பயன்படுத்தி, அது எந்தப் புரதத்தோடு ஒட்டுகிறது என்று தேடினார்கள். பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் அந்தப் புரதம் இருந்தது, எதிர்பார்த்ததுதான். ஆனால் மூளைத் திசுவிலும் அது ஏராளமாக இருந்தது. முதிர்ந்த நரம்புச் செல்கள் பிரிவதில்லை. நுண்குழலின் வேலை செல்பிரிவோடு முடிவதில்லை என்பதற்கான சான்று அன்றே மேசைமேல் வைக்கப்பட்டுவிட்டது என்று நான் கருதுகிறேன்.

கோல்ச்சிசினுக்கும் தமிழ் நிலத்துக்கும் நேரான உறவு உண்டு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளின் விதையிலும் கிழங்கிலும் இருப்பது இதே கோல்ச்சிசின்தான். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தலிட்டுப் பயிரிடப்படுகிறது. அதன் விதை மருந்துத் தொழிலுக்காக வெளிநாடு போகிறது. வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் இரண்டும் நம் வீட்டு வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டவை. காம்பிரெட்டாஸ்டாட்டின் தென்னாப்பிரிக்கப் புதர்வில்லோ மரத்திலிருந்து வந்தது. அதைப் பிரித்தெடுத்தது அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜார்ஜ் பெட்டிட் குழு.

இரத்தக்குழாய் இந்தக் கதைக்குள் வந்தது புற்றுநோய் வழியாக. 1937-இல் எரிக் பாய்லண்டும் மார்கரெட் பாய்லண்டும் கட்டிகள் வளர்ந்த விலங்குகளுக்குக் கோல்ச்சிசின் கொடுத்தபோது, கட்டிக்குள் இரத்தக்கசிவு ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். கட்டியின் இரத்தக்குழாய்கள் பாதிக்கப்படுகின்றன என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த விளைவுக்குத் தேவைப்பட்ட அளவு விலங்கையே கொல்லும் அளவுக்குப் பக்கத்தில் இருந்தது. அதனால் பல பத்தாண்டுகள் அந்தக் குறிப்பு தூங்கியது. 1980-களில் இங்கிலாந்தின் நார்த்வுட்டில் இருந்த கிரே ஆய்வகத்தில் ஜூலியானா டெனிகாம்ப், கட்டியைக் கொல்ல அதன் ஒவ்வொரு செல்லையும் துரத்தத் தேவையில்லை, அதற்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயை அடைத்தால் போதும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார். அதே ஆய்வகத்தில் 1993-இல் சாலி ஹில், டாய் சாப்ளின் முதலியோர் நித்தியகல்யாணி மருந்துகள் எலிக் கட்டிகளின் குழாய்களை முடக்குவதைக் காட்டினார்கள். 1997-இல் காம்பிரெட்டாஸ்டாட்டின் ஏ4 பற்றிய முடிவு வந்தது: நீரில் கரையும் பாஸ்பேட் வடிவத்தை எலிக்கு ஒரே ஒரு முறை செலுத்தியதும், 6 மணி நேரத்தில் கட்டியின் இயங்கும் இரத்தக்குழாய்க் கொள்ளளவு 93 விழுக்காடு குறைந்தது. அதற்குத் தேவைப்பட்ட அளவு, விலங்கு தாங்கக்கூடிய உச்ச அளவில் பத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. பாய்லண்டுகள் காணாத இடைவெளி இங்கே கிடைத்துவிட்டது.

உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது தெரிந்தது. ஏன் நடக்கிறது என்பதைச் சொல்ல வளர்ப்புத் தட்டுதான் வர வேண்டியிருந்தது. கிரைசோ காந்தூவும் கில்லியன் டோசரும் 2002-இல் ‘பிளட்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் நான் மிகவும் மதிக்கும் ஆய்வுகளுள் ஒன்று. தொப்புள்கொடிச் செல்களில் மருந்தைச் சேர்த்த சில நிமிடங்களில் மயோசினின் இலேசான சங்கிலியில் பாஸ்பேட் ஏறியது. மயோசின் என்பது தசையைச் சுருக்கும் அதே புரதம். உள்ளணிச் செல் தசை அன்று, ஆனாலும் அதற்குள்ளும் ஆக்டின் இழைகளும் மயோசினும் உண்டு. பாஸ்பேட் ஏறியதும் மயோசின் ஆக்டினைப் பிடித்து இழுக்கத் தொடங்குகிறது. சிதறிக் கிடந்த ஆக்டின், செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாயும் தடித்த இழுவிசை இழைகளாகத் திரள்கிறது. தரையோடு செல் ஒட்டியிருக்கும் பிடிப்புகள் பெரிதாகின்றன. செல் சுருங்க முயல்கிறது, பக்கத்துச் செல்லும் சுருங்க முயல்கிறது. நடுவே உள்ள ஒட்டு பிரிகிறது.

நுண்குழலுக்கும் மயோசினுக்கும் நடுவே செய்தி கொண்டுபோவது யார்? இதற்கான விடை அதே 2002-இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவில், ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தில் கேரி போகோக்கின் குழுவிடமிருந்து வந்தது. ஜெஃப்-எச்1 என்றொரு புரதம் நுண்குழலோடு ஒட்டியிருக்கும்வரை செயலற்றுக் கிடக்கிறது. குழல் கரைந்ததும் அது விடுபடுகிறது. விடுபட்டதும் ரோ என்னும் சிறு புரதத்தை முடுக்கிவிடுகிறது. ரோ தன் கீழுள்ள ரோ-கைனேஸை முடுக்குகிறது. ரோ-கைனேஸ், மயோசினிலிருந்து பாஸ்பேட்டை அகற்றும் நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. அகற்ற ஆளில்லாததால் பாஸ்பேட் தங்குகிறது, மயோசின் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஆக, நுண்குழல்கள் வெறும் தாங்குகம்பிகள் அல்ல. சுருங்கச் சொல்லும் ஆணையைச் செல் அந்தக் குழல்களின் மேல்தான் அடக்கி வைத்திருக்கிறது. மருந்து குழலைக் கரைக்கும்போது அந்த ஆணையும் வெளியே வந்துவிடுகிறது. ரோ-கைனேஸை முன்கூட்டியே தடுத்துவிட்டுக் காம்பிரெட்டாஸ்டாட்டினைச் சேர்த்தால், நுண்குழல்கள் கரையும், ஆனால் இந்தச் சுருக்கமும் கசிவும் தடுக்கப்படும். எது காரணம், எது உடன் நிகழ்வு என்பதை இந்த ஒரு சோதனை பிரித்துக் காட்டிவிடுகிறது.

பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் அலெக்சாண்டர் வெரின் முதலியோர் 2001-இல் நுரையீரல் தமனியின் உள்ளணிச் செல்களைக் கொண்டு இதே முடிவுக்கு வேறு வழியில் வந்திருந்தார்கள். செல்கள் வளர்ந்த தங்க மின்வாய்கள் வழியே சிறு மின்னோட்டம் செலுத்தி, அடுக்கின் மின்தடையை அளந்தார்கள். அடுக்கு இறுக்கமாக இருந்தால் தடை அதிகம், இடைவெளி விழுந்தால் தடை சரியும். நோகோடசோலும் வின்பிளாஸ்டினும் தடையைச் சரித்தன. முன்கூட்டியே பாக்ளிடாக்செல் கொடுத்து நுண்குழல்களை இறுக்கி வைத்திருந்த செல்களில் சரிவு மட்டுப்பட்டது. வேறொரு பக்கவிளைவால் இது நடக்கவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. கோல்ச்சிசினை வைத்துச் செய்யும் சோதனைகளில் இதற்கு இன்னொரு வழியும் உண்டு. கோல்ச்சிசினைப் புற ஊதா ஒளியில் வைத்தால் அது லூமிகோல்ச்சிசினாக மாறும். மூலக்கூறு எடை அதேதான், ஆனால் டியூபுலினோடு ஒட்டாது. அதைக் கொடுத்தும் செல்கள் சும்மா இருந்தால், கோல்ச்சிசின் செய்தது நுண்குழல் வழியாகத்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். இந்த ஒப்பீடு இல்லாத கோல்ச்சிசின் ஆய்வைப் படிக்கும்போது எனக்கு நம்பிக்கை குறைந்துவிடும்.

காந்தூ–டோசர் ஆய்வில் இன்னொரு செய்தி இருக்கிறது, அதைப் பலர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். எல்லாச் செல்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ளவில்லை. பெரும்பாலானவை இழுவிசை இழைகளோடு சுருங்கி, உயிரோடு இருந்தன. ஒரு பகுதி மட்டும் உருண்டு, மேற்பரப்பெங்கும் கொப்புளங்கள் வெடித்து, ஆக்டின் உள்ளே வளையமாகச் சுற்றிக்கொள்ள, சாவை நோக்கிப் போயின. கொப்புளம் போடும் செல்களில் பி38 என்னும் அழுத்த நொதி ரோ-கைனேஸோடு சேர்ந்து வேலை செய்தது. மாறாக ஈஆர்கே என்னும் நொதித் தொடர் வலுவாக இருந்தால் செல் கொப்புளத்தைத் தவிர்த்து இழைகளின் பக்கம் சாய்ந்தது. ஒரே தட்டில், ஒரே மருந்தில், பக்கத்தில் பக்கத்தில் இருந்த இரண்டு செல்களின் விதி இப்படிப் பிரிந்தது. சராசரி எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே தெரியாது. நுண்ணோக்கியில் கண் வைத்தவருக்குத்தான் தெரியும்.

சுருக்கம் தவிர, மெதுவாக வரும் விளைவுகளும் உண்டு. உள்ளணியில் கீறல் விழுந்தால் விளிம்பிலுள்ள செல்கள் வெற்றிடத்தை நோக்கி நகர்ந்து மூடுகின்றன. டொராண்டோவில் ஆவ்ரம் காட்லீப் குழு 1981-இல் காட்டியது: நகரத் தொடங்கும் செல்லில் நுண்குழல்கள் கிளம்பும் மையமான சென்ட்ரோசோம், கருவுக்கு முன்பக்கமாக, காயத்தை நோக்கிய பக்கத்துக்கு இடம் மாறுகிறது. எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்ற திசையுணர்வை நுண்குழல்களே தருகின்றன. 1970-இலேயே மாஸ்கோவில் வசிலியேவும் கெல்ஃபாண்டும் நார்ச்செல்களில் இதைக் கண்டிருந்தார்கள்: நுண்குழலைக் குலைக்கும் கோல்செமிட் கொடுத்ததும் செல்லின் ஓரமெங்கும் அசைவு பரவியது, ஆனால் திசை போனது. இரத்த ஓட்டத்தின் உராய்வுக்கு ஏற்ப உள்ளணிச் செல்கள் நீண்டு ஒரே திசையில் படிவதற்கும் நுண்குழல் தேவை. 1996-இல் மாலேக்கும் இசுமோவும் நோகோடசோல் கொடுத்தபோது அந்தப் படிவு நிகழவில்லை.

வைபல்–பலாடே குச்சிகளின் கதையும் இங்கேதான் வருகிறது. டெனிசா வாக்னரின் ஆய்வு 1987-இல் சொன்னது: நுண்குழல்கள் குலைந்த உள்ளணிச் செல்லில் வான் வில்லிபிராண்ட் காரணி முழுமையாகப் பக்குவப்படுவதில்லை, சேமிப்பு குறைகிறது, தூண்டியதும் வெளிவிடும் திறனும் குறைகிறது. கசிவு நிமிடங்களின் கதை என்றால், இது மணிக்கணக்கின் கதை.

இனி அளவைப் பற்றி. இதுவரை சொன்ன சுருக்கமும் கசிவும் நுண்குழல்கள் கண்ணுக்குத் தெரியும்படி கரையும் அளவுகளில் நடப்பவை. அதற்கு மிகக் கீழே, குழல்களின் அமைப்பு பார்வைக்குச் சற்றும் கலையாத அளவுகளிலும் உள்ளணிச் செல் எதிர்வினை காட்டுகிறது. மார்சேயில் எடி பாஸ்கியே, டயான் பிராகேர் முதலியோர் 2005-இல் பாக்ளிடாக்செலை மிகக் குறைந்த அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய்ச் செல்களில் காணாத ஒன்றை உள்ளணிச் செல்களில் கண்டார்கள்: குழல்களை இறுக்க வேண்டிய மருந்து, இங்கே அவற்றின் வளர்ச்சி–சரிவு வேகத்தைக் கூட்டியது. அந்த அளவே புதிய குழாய் முளைப்பதைத் தடுக்கப் போதுமாக இருந்தது. செல்லைக் கொல்லாமல் அதன் நடையை மட்டும் குழப்பும் மருந்தளவு என்று இதைச் சொல்லலாம்.

கோல்ச்சிசினில் இதைவிடத் தெளிவான சான்று நியூயார்க்கில் புரூஸ் குரோன்ஸ்டைன் குழு 1995-இல் வெளியிட்டது. அழற்சி மூண்டால் உள்ளணிச் செல் தன் மேற்பரப்பில் ஈ-செலெக்டின் என்னும் ஒட்டுப்புரதத்தை நீட்டும். ஓடிக்கொண்டிருக்கும் வெள்ளணுக்கள் அதைப் பிடித்து நிற்கும். சுமார் 3 நானோமோலார் கோல்ச்சிசினிலேயே இந்த ஒட்டுதல் பாதியாகக் குறைந்தது. செலெக்டின் மேற்பரப்பில் பரவியிருக்கும் விதம் மாறிப்போனதுதான் காரணம். வெள்ளணு தன் மேலுள்ள எல்-செலெக்டினை உதிர்ப்பதற்கோ 300 நானோமோலார் அளவு தேவைப்பட்டது, அதாவது நூறு மடங்கு. அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்று விழுங்கியவரின் இரத்தத்தில் கோல்ச்சிசின் உச்சத்தில் சில நானோமோலார்தான் இருக்கும். ஆக, மாத்திரை அளவில் முதலில் பாதிக்கப்படுவது வெள்ளணு அன்று, சுவர் என்று தட்டு சொல்கிறது. கவுட் என்னும் மூட்டுவலி வராமல் தடுக்கக் குறைந்த அளவு போதும் என்று மருத்துவர்கள் அனுபவத்தில் கண்டிருந்ததற்கு இது ஒரு விளக்கம். ஒரே விளக்கம் என்று நான் சொல்ல மாட்டேன், வெள்ளணுக்களுக்குள் அழற்சியை மூட்டும் இன்ஃபிளமசோமையும் கோல்ச்சிசின் அடக்குகிறது.

தட்டில் கற்றதை மனித உடலுக்குக் கொண்டுபோனபோது என்ன ஆயிற்று? காம்பிரெட்டாஸ்டாட்டின் தந்த நம்பிக்கை பெரியது, நிறைவேறியது குறைவு. அனாபிளாஸ்டிக் தைராய்டு புற்றுநோய் மிகக் கொடியது. அந்த நோயாளிகள் 80 பேரிடம் நடந்த சோதனையில், வழக்கமான மருந்துகளோடு இதைச் சேர்த்தவர்களின் இடைநிலை ஆயுள் 5.2 மாதம், சேர்க்காதவர்களுடையது 4 மாதம். வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. சூலகப் புற்றுநோயில் தொடங்கிய பெரிய சோதனையும் 2017-இல் நிறுத்தப்பட்டது. காரணங்களில் ஒன்று எலி ஆய்வுகளிலேயே தெரிந்திருந்தது. கட்டியின் நடுப்பகுதி இரத்தமின்றிச் செத்தாலும், ஓரத்திலிருக்கும் ஒரு மெல்லிய வளையம் பக்கத்து நலமான திசுவின் குழாய்களிலிருந்து இரத்தம் பெற்றுப் பிழைத்துக்கொள்கிறது, அங்கிருந்து கட்டி மறுபடி வளர்கிறது. இரத்த அழுத்த உயர்வும் சிலருக்கு இதயத் தமனிச் சிக்கலும் வந்தன.

கட்டியின் குழாய் மட்டும் ஏன் முடங்குகிறது, மற்றவை ஏன் பெரும்பாலும் தப்பிக்கின்றன என்ற கேள்விக்கும் தட்டு ஓரளவு பதில் சொன்னது. நியூயார்க்கில் ஷாஹின் ரஃபீயின் ஆய்வகம் 2005-இல் காட்டியபடி, காம்பிரெட்டாஸ்டாட்டின் செல்களை ஒட்டவைக்கும் வி.இ.காதெரின் என்னும் புரதத்தின் பிணைப்பைக் கலைக்கிறது. ஆனால் உள்ளணிச் செல்களோடு மென்தசைச் செல்களைச் சேர்த்து வளர்த்தால் அந்தக் கலைப்பு நடக்கவில்லை. முதிர்ந்த குழாயைச் சுற்றி மென்தசையும் பெரிசைட்டுகளும் தாங்கி நிற்கின்றன. கட்டியில் அவசரமாக முளைத்த குழாய்க்கு அந்தத் துணை இல்லை. தனியே வளர்த்த தொப்புள்கொடிச் செல் இந்த வகையில் கட்டிக் குழாயைத்தான் ஒத்திருக்கிறது, நம் கைத்தமனியை அன்று. மருந்து எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால் தட்டை நம்பலாம். யாரைத் தொடும், யாரை விட்டுவைக்கும் என்று கேட்டால் தனிச் செல்லை மட்டும் நம்பக் கூடாது.

பாக்ளிடாக்செல் பூசிய ஸ்டென்ட்டுகள் இதற்கு எதிர்ப்புறத்துப் பாடம். இதயத் தமனியில் வைத்த உலோக வலைக்குள் மென்தசைச் செல் வளர்ந்து மீண்டும் அடைத்துவிடாமல் இருக்க, இந்த மருந்து பூசிய ஸ்டென்ட்டை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் ஏற்றது. அடைப்பு குறைந்தது. ஆனால் உள்ளணிச் செல்லும் நகர்ந்து வந்து வலையை மூடுவதற்கு நுண்குழலை நம்பியிருக்கிறது. மூடல் தாமதமானது. இறந்தவர்களின் தமனிகளை ஆராய்ந்த ரேணு விர்மானியின் குழு 2006-இல், மருந்து பூசிய முதல் தலைமுறை ஸ்டென்ட்டுகளில் உலோகக் கம்பிகள் நீண்ட காலம் உள்ளணி மூடாமல் வெறுமையாக நிற்பதையும், அங்கே தாமதமாக இரத்தம் உறைவதையும் காட்டியது. உறைவுத் தடுப்பு மாத்திரைகளை நீண்ட நாள் எடுக்கச் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காட்லீப்பின் தட்டில் 1981-லேயே நகர்வுக்கும் நுண்குழலுக்கும் உள்ள உறவு தெரிந்திருந்தது. அதை வைத்து இந்தத் தாமதத்தை முன்கூட்டியே இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பலன் தந்தது கோல்ச்சிசினின் குறைந்த அளவுதான். மாரடைப்பு வந்தவர்கள் 4,745 பேருக்கு நாளொன்றுக்கு 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசினோ போலி மாத்திரையோ கொடுத்த கோல்காட் சோதனையில், இதயம், மூளை சார்ந்த தீவிர நிகழ்வுகள் 7.1 விழுக்காட்டிலிருந்து 5.5 ஆகக் குறைந்தன. 2020-இல் வந்த லோடோகோ2, நாள்பட்ட தமனி நோயுள்ள 5,522 பேரில் 9.6-லிருந்து 6.8 விழுக்காடாகக் குறைந்ததைக் காட்டியது. 2023 ஜூனில் அமெரிக்கா இந்த அளவை இதயநோய்க்கு ஏற்றுக்கொண்டது. எல்லாச் சான்றும் ஒரே பக்கம் நிற்கவில்லை: 2024-இல் வெளியான, 7,062 பேர் பங்கேற்ற கிளியர் சோதனையில் பலன் தென்படவில்லை. ஆகவே எல்லா இதய நோயாளிக்கும் உரிய மருந்து என்று இதைச் சொல்ல முடியாது. யாருக்குப் பலன், எந்த நேரத்தில் தொடங்கினால் பலன் என்பது இன்னும் திறந்திருக்கும் கேள்வி.

நானோமோலார் கணக்கில் இயங்கும் மருந்து இது என்பதால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். கவுட்டுக்கோ இதயத்துக்கோ கோல்ச்சிசின் எடுப்பவர்கள், வேறு நோய்க்கு மருத்துவரிடம் போகும்போது அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் போன்ற சில ஆன்டிபயாட்டிக்குகள் கோல்ச்சிசினை உடலிலிருந்து வெளியேறவிடாமல் தடுத்து, இரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு உயர்த்திவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம், இறப்புகளும் பதிவாகியிருக்கின்றன. வயலிலோ வேலியிலோ கிடைக்கும் கண்வலிக்கிழங்கைக் கைமருந்தாகப் பயன்படுத்தாதீர்கள். அதில் எவ்வளவு கோல்ச்சிசின் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.